நிலைத்த செயலி, நிலையாத பலகை

கிள்ளானிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் கோல சிலாங்கூரையும் தஞ்சோங் காராங்கையும் செக்கிஞ்சானின் நெல்வயல்களையும் சுங்கை பெசாரையும் கடந்து, பெர்ணம் ஆற்றை எட்டுவதற்குச் சற்று முன்னர் எதிர்ப்படும் பாகான் நக்கோடா ஓமார் என்னும் கடலோரச் சிற்றூரிலிருந்து கணினியின் சரித்திரத்தைத் தொடங்குவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். யந்திரம் புதிதாயிருக்கும் வரையில் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே இயங்குகிறது. பழுதான பிறகே ஊருக்கு ஊர் வேற்றுமை புலனாகிறது. தலைநகரில் வசிப்பவர் சற்று நேரத்தில் கடைத்தெருவுக்குச் சென்று மாற்றுப் பாகம் வாங்கிக்கொள்கிறார். இங்கிருப்பவரோ நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். வாங்கிவந்த பாகம் பொருந்தாவிட்டால் அதே தூரத்தை மறுபடியும் கடக்க வேண்டும். ஆதலின் பழைய செயலி ஒன்றுக்குப் பொருந்தக்கூடிய பழைய தாய்ப்பலகையைத் தேடுவது என்னும் காரியத்தின் சரித்திரம், அதன் சிரமங்களும் சாமர்த்தியங்களும் உட்பட, இத்தகைய ஊர்களில் நின்று நோக்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

கணக்கையெல்லாம் செய்யும் சில்லு செயலி. அச்செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் மின்சாரத்தையும் ஒன்றோடொன்று இணைத்துத் தாங்குவது தாய்ப்பலகை. கடைக்காரர்கள் அதைப் ‘போர்டு’ என்று மட்டுமே சொல்வார்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தாலும் அவற்றின் ஆயுள் சமமாக அமைவதில்லை. செயலி அபூர்வமாகவே சாகிறது. பலகை அடிக்கடி சாகிறது. இந்த ஒரு வித்தியாசத்தினின்றே ஒரு முழு வியாபாரமும் பிறந்தது.

மலேசியாவில் வாழும் நமக்கு இச்செயலியின் மீது தனியொரு பாத்தியதை உண்டு. 1971-ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயச் சட்டம் இயற்றப்பட்டு, பினாங்கு முதலமைச்சராயிருந்த டாக்டர் லிம் சொங் யூவின் பெருமுயற்சியால் நெல்வயல்களாக இருந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையாக மாறியபோது, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் அங்கேதான் நிறுவியது, ஏ.எம்.டி. நிறுவனமும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. 1975-இல் இன்டெல்லின் அத்தொழிற்சாலை தீக்கிரையாகியும் மீண்டும் எழுந்தது. சிலிக்கான் தகட்டில் நுண்சுற்றுகளைப் பதிக்கும் வேலை அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் நடைபெற்றாலும், அத்தகட்டை அறுத்து, கூட்டில் அடைத்து, பரிசோதித்து, முத்திரையிட்டு உலகுக்கு அனுப்பும் வேலையின் பெரும்பகுதி பினாங்கில் நடந்தது. பழைய இன்டெல் செயலியின் உலோக முதுகில் படிந்த பசையைத் துடைத்துப் பார்த்தால், பலவற்றில் ‘மலாய்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பொறித்திருப்பதைக் காணலாம்.

இதற்கும் தோட்டப்புறத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிப நோக்கோடு செம்பனை பயிரிட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் ரப்பரின் இடத்தைச் செம்பனை பெருமளவில் பிடித்துக்கொண்டபோது, ரப்பருக்கு வேண்டியிருந்த அத்தனை கைகள் செம்பனைக்கு வேண்டியிருக்கவில்லை. ஆகவே லயங்களில் வளர்ந்த தலைமுறையினரில் ஒரு பகுதியினர், 1970-களிலிருந்து சுங்கை வே முதலிய வலயங்களின் மின்னணுத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். அத்தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்களே பெரும்பான்மையினர் எனினும், தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் அங்கே நின்று உழைத்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் மறக்கலாகாது.

செயலி இங்கே முத்திரை பெற, பலகையோ தைவானிலிருந்து வந்தது. கிகாபைட்டும் எம்.எஸ்.ஐ.யும் 1986-இலும், ஏசுஸ் 1989-இலும் அங்கே தோன்றிய ஸ்தாபனங்கள். மலேசியக் கடைகளில் கூட்டி விற்கப்பட்ட கணினிகளில் அவற்றின் பலகைகளும், அவற்றைவிட மலிவான வேறு பல பெயர்களின் பலகைகளும் இருந்தன. அப்பலகைகள் எவ்வாறு மடிந்தன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய பலகை ஏன் கிடைப்பதரிது என்ற வினாவுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

286, 386, 486 என்னும் செயலிகளின் காலத்துப் பலகைகளில் கடிகாரத்தை ஓடவைப்பதற்காக நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது முதுமையுற்றதும் காரநீர் கசிந்து அருகிலுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். யந்திரத்தை அணைத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தாலும் அரிப்பு நிற்காது. நாணயம் போன்ற லிதியம் மின்கலம் வந்து அந்தத் தொல்லை தீர்ந்ததும் வேறொரு தொல்லை தலைதூக்கியது. 1999 முதல் ஏறத்தாழ 2007 வரையில் உற்பத்தியான பலகைகளில் தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் பெருவாரியாகப் பொருத்தப்பட்டன. அவை சில ஆண்டுகளிலேயே தலை உப்பி, வெடித்து, பழுப்பு நீரைக் கக்கின. அக்காலத்து மின்தேக்கிக் கோளாறுகளைச் சீர்செய்வதற்கென்று டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது என்றால், சிறு கடைகளில் கூட்டி விற்ற கணினிகளின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. உத்தரவாதம் தரும் பெரிய நிறுவனம் எதுவும் அவற்றின் பின்னால் நின்றதில்லை.

இவ்விரண்டோடு கடற்கரைக்கே உரிய இன்னும் இரு பகைகள் சேர்ந்துகொண்டன. உப்புக் காற்றும் ஓயாத ஈரப்பதமும் பலகையின் தொடுமுனைகளை மெல்ல மெல்லக் களிம்பேறச் செய்தன. உலகில் மின்னல் மிகுதியாக வெட்டும் பிரதேசங்களுள் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையும் ஒன்றாதலால், மின்கம்பி வழியாகவும், தொலைபேசி வழியே இணையம் வந்த நாள்களில் அத்தொலைபேசிக் கம்பி வழியாகவும் பாய்ந்த மின்னலோட்டம், மோடத்தையும் அதைத் தாங்கிய பலகையையும் சேர்த்தே எரித்தது. இவ்வளவுக்கும் பிறகு பலகையினின்று செயலியைக் கழற்றி வேறொரு பலகையில் வைத்தால், பெரும்பாலும் அது ஒன்றும் நேராததுபோல் வேலை செய்யும். செயலியை வைத்திருப்பவர் பலகையைத் தேடி அலைவதும், பலகையை வைத்திருப்பவர் செயலியைத் தேடி அலையாமலிருப்பதும் இதனால்தான்.

தேடல் எளிதாயிருந்த காலம் ஒன்று உண்டு. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணினியின் 8088 செயலி, நாற்பது கால்களையுடைய சாதாரணச் சில்லு, ஜப்பானிய என்.ஈ.சி. நிறுவனத்தின் வி20 சில்லை, பலகையில் செயலி அமரும் அதே குழியில் செருகினால் யந்திரம் முன்னைவிடச் சற்று விரைவாக ஓடியது. 386-க்கு 132 கால்கள். அக்குழியில் 1991 முதல் ஏ.எம்.டி.யின் செயலியும் அமர்ந்தது. 486-க்கு 168 கால்கள். இவற்றுக்கெல்லாம் சிகரமாக 1995-இல் வந்தது ‘சாக்கெட் 7’ என்னும் குழி. இன்டெல்லின் பென்டியம், ஏ.எம்.டி.யின் கே5, கே6, சைரிக்ஸின் 6x86, ஐ.டி.டி.யின் வின்சிப் ஆகிய, ஒன்றோடொன்று போட்டியிட்ட நால்வரின் சரக்கையும் அந்த ஒரே குழி ஏற்றுக்கொண்டது. பலகையில் உள்ள சிறு இணைப்பு ஊசிகளை மாற்றிவைத்து மின்னழுத்தத்தையும் வேகத்தையும் குறித்தால் போதும், எம்.எம்.எக்ஸ். பென்டியத்துக்கு வேண்டிய இரட்டை மின்னழுத்தம் பழைய பலகைகளில் கிடையாதென்ற ஒரு விஷயத்தை மட்டும் கடைக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏழை வீட்டுக் கணினிக்கு அதனினும் அனுகூலமான ஏற்பாடு ஒன்று அதற்குப் பின் நெடுங்காலம் வாய்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1997-இல் இன்டெல் அந்த ஏற்பாட்டை விட்டு விலகியது. பென்டியம் 2 செயலியை ஒரு நீண்ட பெட்டிக்குள் அடைத்து, ‘ஸ்லாட் 1’ என்னும் பிளவில் செருகுமாறு செய்து, அவ்விணைப்பின் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஏ.எம்.டி. தானும் ஒரு பிளவை 1999-இல் உண்டாக்கியது. அதன் உருவம் இன்டெல்லின் பிளவேதான் எனினும் திசை திருப்பிவைக்கப்பட்டது, மின்னிணைப்போ முற்றிலும் வேறு. அன்றுமுதல் இன்டெல் பலகை, ஏ.எம்.டி. பலகை என்று சந்தை இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததோடும் நிற்கவில்லை. 370 கால்களுடைய குழி வந்தது. அதே குழிக்கென்று 2001-இல் வெளிவந்த ‘டுவலட்டின்’ செயலி பழைய 370 பலகைகளில் வடிவத்தால் பொருந்தியும் இயங்க மறுத்தது. பென்டியம் 4-க்கென்று 2000-இல் பிறந்த 423 கால் குழி, அடுத்த ஆண்டே 478-க்கு வழிவிட்டு ஒதுங்கியது. குழியின் எண் ஒன்றாயிருப்பதே பொருத்தத்துக்குப் போதிய அத்தாட்சி அன்று என்னும் கசப்பான பாடத்தைப் பயனாளர்கள் கற்றது இக்காலத்தில்தான்.

இக்காலமே மலேசிய வீடுகளில் கணினி பரவிய காலமும் ஆகும். 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் பிரகடனமாகி, சிலாங்கூரின் தென்பகுதியில் சைபர்ஜெயா எழுந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்குவதற்குப் பணம் எடுக்கும் வசதியும் சில காலம் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் கணினி வாங்குவதென்றாலும் பழுதுபார்ப்பதென்றாலும் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரமே புகலிடம். முதலில் இம்பி பிளாசாவும், 1999-இல் திறக்கப்பெற்ற லோ யாட் பிளாசாவும் அங்கே கணினிச் சந்தைகளாக விளங்கின. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, சிங்கப்பூருக்கு சிம் லிம் சதுக்கம் எப்படியோ, அப்படி அமைந்தன இவை. வடசிலாங்கூரிலிருந்து பஸ் ஏறிப் புடுராயாவில் இறங்கி நடந்தே இவ்விடத்தை அப்போது அடைந்துவிட முடிந்தது. புதிய சரக்கு பளபளக்கும் முன்வரிசைக் கடைகளைத் தாண்டி உள்ளே சென்றால், பழைய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த சிறு கடைகள் இருக்கும்; அங்கே உட்கார்ந்திருக்கும் தவுக்கேக்களில் பலர் பலகையைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், பெயரைப் படிக்குமுன்னரே, இன்ன சில்லுத்தொகுதி (செயலியை மற்றப் பாகங்களோடு இணைக்கும் துணைச்சில்லுகள்), இன்ன ஆண்டு, இன்ன செயலி வரையில் தாங்கும் என்று சொல்லும் வித்தையுடையவர்கள். எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத, எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படாத ஞானம் அது.

2004-இல் இன்டெல் 775 தொடுமுனைகளையுடைய புதிய அமைப்பைக் கொண்டுவந்தபோது இந்த ஞானத்துக்குப் பெரும் பரீட்சை நேர்ந்தது. அதுவரை செயலியின் அடியில் இருந்த கால்கள் இப்போது பலகைக்கு இடம்பெயர்ந்தன. செயலி தட்டையான உலோகப் புள்ளிகளோடு நின்றது. வளைந்துபோன காலால் வரும் நஷ்டம் விலையுயர்ந்த செயலியை விட்டுப் பலகையின் தலையில் விழுந்தது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பலகை வாங்குகிறவர் முதன்முதலில் குழியின் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மெல்லிய கால்களின் வரிசை எங்கேனும் ஒளி மாறித் தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் அதிலிருந்து தொடங்கியது.

இந்த 775 குழியில் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரையில் பல தலைமுறைச் செயலிகள் வந்தன. ஆனால் 2006-இல் வந்த கோர் 2 டுவோ, 2004-ஆம் ஆண்டின் 915 சில்லுத்தொகுதிப் பலகையில் சொகுசாக அமர்ந்தும் இயங்காது. 945 பலகைகளில் சிலவற்றில் இயங்கும், சிலவற்றில் இயங்காது. மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பகுதியும், பலகையின் ஆதாரமென்பொருளாகிய பயாஸின் பதிப்பும் இடந்தர வேண்டும். பின்னர் வந்த ஜி41 பலகைகள் ஏறக்குறைய எல்லாச் செயலிகளையும் ஏற்றமையால் பழுதுபார்ப்போரின் பேரன்பைப் பெற்றன; அவற்றிலும் டி.டி.ஆர்.2 நினைவகத்துக்கு ஒருவகை, டி.டி.ஆர்.3-க்கு ஒருவகை என்று இரண்டு உண்டு. அதைக் கேளாமல் வாங்கினவர் கையிலிருந்த நினைவகத்தை வீணாக்கினார். ஆதலின் விவரமறிந்தவர்கள், செயலியின் முதுகில் ‘எஸ்எல்’ அல்லது ‘எஸ்ஆர்’ என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியையும், பலகையில் அச்சிட்டுள்ள மாதிரிப் பெயரையும், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் திருத்த எண்ணையும் காகிதத்தில் எழுதிக்கொண்டே சந்தைக்குப் புறப்பட்டார்கள். மாதிரி ஒன்றாயிருந்து திருத்த எண் வேறானாலும் ஏற்கும் செயலிகள் வேறுபடும்.

அலுவலகங்களிலிருந்து ஏலத்தில் வரும் பெரிய நிறுவனங்களின் கணினிகளில் பலகை மலிவாகக் கிடைக்கும் என்ற ஆசை வேறொரு வகையில் ஏமாற்றியது. டெல், எச்.பி., லெனோவோ ஆகியவற்றின் பல மாதிரிகளில் மின்வழங்கியின் இணைப்பும் திருகு துளைகளின் இடமும் முன்பக்கப் பொத்தானின் கம்பிகளும் பொது அளவைப் பின்பற்றாமல் பிரத்தியேகமாக அமைந்திருப்பதால், வேறு பெட்டிக்குள் அவை அடங்குவதில்லை. அத்தகைய பலகையை நாடுகிறவர் பெட்டியையும் மின்வழங்கியையும் சேர்த்தே வாங்கிவிடுவது நலம்.

மனிதனின் சாமர்த்தியம் இந்தத் தடைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சேவையகங்களுக்கென்று செய்யப்பட்ட 771 தொடுமுனைச் சியோன் செயலிகள், நிறுவனங்கள் கழித்துவிட்டமையால், 2010-களில் மிக மலிவாகச் சந்தையில் குவிந்தன. இரண்டு தொடுமுனைகளை இடம் மாற்றும் சிறு ஒட்டுத்தாளை அடியில் ஒட்டி, ஓரத்து வெட்டைச் சரிசெய்து, 775 பலகையில் அவற்றை இயக்கும் உபாயத்தை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கும் மேலே சென்றது சீனாவின் ஷென்சென் நகரத்துக் கைவண்ணம். 2011 தொடுமுனைகளையுடைய பழைய சியோன் செயலிகள் ஏராளமாகவும் அவற்றுக்குரிய பலகைகள் அபூர்வமாகவும் இருப்பதைக் கண்ட அங்குள்ள உற்பத்தியாளர்கள், பழைய பலகைகளிலிருந்து சில்லுத்தொகுதிகளைப் பெயர்த்தெடுத்துப் புதிய பலகைகளில் பற்றவைத்து, ஹுவானான்ஷி முதலிய பெயர்களில் விற்கத் தொடங்கினார்கள். ஷாப்பி, லாசாடா என்னும் இணைய அங்காடிகள் வந்த பின்னர் இவை பாகான் நக்கோடா ஓமாரின் வாசலுக்கே தபால் பொட்டலமாக வந்து சேர்கின்றன. இவற்றின் பயாஸ் அரைகுறையானது, தரமும் ஒரே சீராக இராது என்பது மெய். எனினும், பெரிய நிறுவனங்கள் கைவிட்ட செயலிக்குப் பலகை செய்துகொடுத்தவர்கள் என்ற முறையில், அவர்களை வெறும் போலிச்சரக்கு வியாபாரிகள் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

பொருத்தம் என்பது பௌதிக நிர்ப்பந்தத்தால் மட்டும் அமைவதன்று, பெரும்பாலும் உற்பத்தியாளரின் விருப்பத்தால் அமைவது என்பதற்கு அண்மைக் காலம் இரண்டு சான்றுகளை அளித்திருக்கிறது. 2015-இல் வந்த 1151 தொடுமுனைப் பலகைகளில், அதே 1151 தொடுமுனைகளோடு 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறைச் செயலி இயங்காது என்று இன்டெல் அறிவித்தது. பயாஸைத் திருத்தி, சில தொடுமுனைகளை மறைத்து, அப்பலகைகள் பலவற்றிலேயே அது இயங்கும் என்று ஆர்வலர்கள் செய்து காட்டினார்கள். மாறாக, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 குழிக்கென்று 2017-இல் விற்ற பலகைகள், 2020-இல் வந்த ரைசன் 5000 செயலிகளை, அவ்வசதி தொடக்கத்தில் மறுக்கப்பட்டாலும், 2022-இல் பயாஸ் புதுப்பிப்பின் வாயிலாக ஏற்றுக்கொண்டன. மனம் வைத்தால் முடியும் என்பதே இதன் தாத்பரியம். இவ்விதம் பயாஸ் கோப்பு ஒன்றே பழைய பலகையின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்க வல்லதாயிருக்க, 2013-இல் மேசைக்கணினிப் பலகைத் தொழிலினின்று விலகுவதாக அறிவித்த இன்டெல், தன் பழைய பலகைகளுக்குரிய பயாஸ் கோப்புகளையும் இயக்கிகளையும் 2019-இல் தன் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. ஆர்வலர்கள் முந்திக்கொண்டு பிரதியெடுத்து வைத்திராவிடில் அவற்றுள் பல இன்று அழிந்தே போயிருக்கும். சேமித்துவைக்க அற்பச் செலவே ஆகக்கூடிய கோப்புகளை நீக்கியது நியாயமற்ற காரியம்.

இப்போது மற்றோர் அலை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை அநேகமாக ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள ஆறாம், ஏழாம் தலைமுறை யந்திரங்கள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களை நிறுவினால் இவை தமிழ்ப்பள்ளி மாணவரின் பாடத்துக்கும் குடும்பத்தின் கணக்குக்கும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகள் மின்னணுக் கழிவை எஸ்.டபிள்யூ.110 என்னும் குறியீட்டின் கீழ் அபாயகரக் கழிவாக வைத்திருக்கின்றன. அது அவசியமான சட்டமே. ஆனால் பழுதான பலகைக்கும் பழையதான பலகைக்கும் உள்ள பேதத்தைச் சட்டத்தைவிட நன்றாக அறிந்தவர், சுங்கை பெசாரிலோ தெலுக் இந்தானிலோ சிறு கடையில் பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்திருக்கும் பழுதுபார்ப்பவர்தாம்.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கணினி ஒன்றைக் கழிக்க நேர்ந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வட்டில் உள்ள சொந்த விவரங்களை அழித்தபின், செயலியைக் குழியிலேயே விட்டுவையுங்கள். குழியின் கால்களுக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பில்லை. செயலியைத் தனியே எடுத்தாக வேண்டுமானால் குழியின் பிளாஸ்டிக் மூடியை மறவாமல் போட்டு மூடுங்கள். பெட்டியின் பின்புறத்தில் இணைப்பு வாய்களைச் சுற்றியுள்ள தகரத்தகட்டையும் பலகையோடு சேர்த்தே கொடுங்கள். அந்தத் தகடு தனியே விலைக்குக் கிடைப்பது அரிது. பலகையின் மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டி, உங்கள் ஊரில் பழுதுபார்க்கும் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.